நாலு நாள் என்று சொன்னேன்

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து தூறல். பெரம்பலூர் ஆஸ்பத்திரி. உட்கார இடமில்லை, சுவரில் சாய்ந்தபடி இரண்டு மணி நேரம்.

வலது கை நடுவிரல். மடக்கினால் நிமிராது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று துள்ளும். இரண்டு மாதமாக இந்தக் கூத்து. கையால் மாடு கறக்கிறவர்களுக்கு வருமாம். சர்க்கரை உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை. உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. உயிர் போய் வந்தது.

"ரெண்டு நாள் வலி கூடும், பயந்துடாதீங்க. விரல் சரியாக மூணு வாரம்கூட ஆகலாம். அதுவரைக்கும் கறக்காதீங்க" என்றார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, அந்த ஊசி போட்டால் உடம்பு ஊதிவிடும் என்றாள். ஊதட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். கை முடியாவிட்டால் மாட்டை விற்றுத் தள்ளிவிடலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். மூணு வாரம் என்றால் நாளைக்கே வாங்க ஆள் பிடித்துவிடுவார். நாலு நாளில் சரியாகிவிடும் என்றேன். வாயில் வந்துவிட்டது.

ஐப்பசி 6, வியாழன்

கை விண்விண் என்று தெறிக்கிறது. இடது கையால் கறந்தேன். பாதிகூட இல்லை. செம்பி அசையாமல் நின்றாள். கன்றை விட்டுக் குடிக்க வைத்தேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு நான் வாய்விட்டுப் பேசுவது இவளோடுதான். இவர் சிமெண்டு லாரி ஓட்டி ஆலத்தியூரிலிருந்து வந்தால் சாப்பாடு, தூக்கம்.

மாத்திரை - ராத்திரி ஒன்று. தவிடு வாங்கணும். மகளுக்குப் போன்.

ஐப்பசி 8, சனி

மழை. கொட்டகை ஒழுகுகிறது. இவர் கறக்க உட்கார்ந்தார். ஒரே உதை, வாளி உருண்டது. காலைக் கட்டிக் கறக்கலாம் என்றார். கூடாது என்று கத்திவிட்டேன். ஒரு நாளும் கட்டியதில்லை.

என் இடது கைக்குப் பாதிதான் வருகிறது, கன்று குடித்தும் தீரவில்லை. மடி கல்லாகக் கிடக்கிறது. தொட்டால் நடுங்குகிறாள்.

ஐப்பசி 9, ஞாயிறு

நாலாவது நாள். விரல் அப்படியே.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். பால் தேங்கினால் மடிநோய் வரும், காம்பே போய்விடும் என்றார். அவர் போனதும் இவர் சொன்னது: "நாலு நாளுன்ன. இன்னைக்கு நாலாச்சு. ஊசியும் கேக்கல. வாயில்லா சீவன ஏன் வதைக்கிற?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அவர் சொல்வதும் நியாயம்தானே. சரி, விற்றுவிடலாம் என்றேன். நான்தான் சொன்னேன்.

ஐப்பசி 10, திங்கள்

இவரோடு லாரி ஓட்டும் திருமழபாடிக்காரர் வண்டி கொண்டுவந்தார். மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கக்கூடாது. புதுக் கயிறு அவரே வாங்கி வந்திருந்தார். பழசை நான் அவிழ்க்கவேண்டும். முடிச்சில் விரல் மாட்டிக்கொண்டு நிமிரவில்லை. இவர் வந்து அவிழ்த்தார்.

கன்றை முதலில் ஏற்றினார்கள். பின்னாலேயே ஏறிவிட்டாள்.

சமைக்கவில்லை.

ஐப்பசி 12, புதன்

வெயில். விடியலில் எழுந்து வாளியைக் கழுவிவிட்டேன். கழுவிய பிறகுதான் நினைவு வந்தது. அழுகை நிற்கவில்லை.

திருமழபாடிக்காரர் வீட்டிலிருந்து போன். அவர் மனைவி. "அக்கா, கிட்டயே சேக்க மாட்டேங்குது. மடி வீங்கிக் கெடக்கு. நீங்க எப்படிக்கா கறப்பீங்க?" அழுகிற குரல். மடி வீங்கியது என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. செம்பி என்று கூப்பிடணும், நெற்றியை வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ளணும், இடது பக்கப் பின்காம்பு முதலில், பேச்சை நிறுத்தக்கூடாது. எல்லாம் சொன்னேன்.

ஐப்பசி 17, திங்கள்

காலையில் தலை முடியும்போது கவனித்தேன். நடுவிரல் மடங்கியது, தானே நிமிர்ந்தது. 'டக்' இல்லை. வலி இல்லை. இருபது தடவை மடக்கிப் பார்த்தேன்.

இவரிடம் காட்டினேன். காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் மூணு வாரம் என்றது, நான் நாலு நாள் என்றது.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மூணு வாரந்தானே. சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு நான் மாட்டுத் தலைய புடிச்சிருப்பேன், நீ இடது கையால கறந்திருப்ப" என்றார். பிறகு அவராகவே திருமழபாடிக்குப் போன் போட்டார். மாட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. எங்க வூட்டுல வுட மாட்டேங்குறா. மொத ரெண்டு நாளு தான் ஒதைச்சுது. அண்ணி சொல்லிக்குடுத்த மாதிரியே செம்பின்னு கூப்புட்டா, இப்ப அவ கையத் தவுர வேற கைக்கு மடி வுடறதில்லண்ணே."