நைனா கேட்ட இரண்டு உருண்டை

என் உயிருக்கு உயிரான நைனாவுக்கு,

ரேணு எழுதுகிறேன். போன வாரம் உங்கள் ஆறாம் வருஷத் திதி கும்பிட்டோம். அன்றைக்குப் படையல் இலைக்கு முன்னால் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இதை நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். நமக்கு வந்த நோய் வேறு வீடுகளிலும் இருக்கும். அங்கேயும் ஒரு மகள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சோற்றுப் பானையை மூடி வைத்திருப்பாள்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நோய் தம்பி வேலுவுக்கு வந்துவிட்டது. உங்கள் கடைக்குட்டிக்கு இப்போது இருபத்திரண்டு வயது, அரக்கோணம் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கிறான். உங்களைப் போலவே அவனும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவான், ரத்தம் பட்ட வேட்டியைத் தானே கசக்கிப் போடுவான். வேலைக்குப் போகிற நாளில் காலையில் ஒன்றும் தின்னமாட்டான். தின்றால் ரயிலில் மானம் போய்விடும் என்று பயம். நீங்களும் வேர்க்கடலை மூட்டை ஏற்றி வண்டி கட்டுகிற நாளில் வெறும் வயிற்றோடுதானே போவீர்கள்?

எனக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டிகையில் என் வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். அம்மா வேலுவை நிற்கவைத்து, அவன் அரைஞாண் கயிற்றை அவிழ்த்து இரண்டு விரல் குறைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் நிற்காமல் நழுவுகிறதாம். அந்த முடிச்சைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு அவள் மூன்று தடவை அப்படிக் குறைத்துக் கட்டினாள். விடாமல் கேட்டதும் வேலு எல்லாவற்றையும் சொன்னான்; அன்றைக்கே அம்மா அவனையும் படுக்கவைத்துக் கஞ்சித் தெளிவு கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.

உங்களைக் கவனித்துக்கொண்ட விதத்தை அன்றைக்கு ஊரே மெச்சியது, ஞாபகம் இருக்கிறதா? கனகம்மாசத்திரத்து வைத்தியர், குடல் புண்ணாகிவிட்டது, கொஞ்ச நாள் அதற்கு ஓய்வு கொடுங்கள் என்றார். அவர் சொன்னது கொஞ்ச நாள். நாம் அதை நாலு மாதமாக இழுத்தோம். கஞ்சித் தெளிவு, நீர்மோர், மாதுளந்தோல் கஷாயம். இவ்வளவுதான் உங்கள் சாப்பாடு. பத்தியம் என்று வந்துவிட்டால் நம் அம்மாவை யாரும் அசைக்க முடியாது. அவளுக்குக் கைத்துணை நான்.

ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவளும் அவள்தான். ஏற்கெனவே கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கு அதில் ஒருவேளை விரதத்தையும் சேர்த்தாள். மலைப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டீர்கள். சித்தப்பா காவடியை வாங்கி மேலே கொண்டுபோனார். அன்று வீடு திரும்பியும் வேண்டுதல் குறைபட்டுப் போனதைப் பற்றித்தான் பேசினோமே ஒழிய, உட்கார்ந்துவிட்ட உடம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முருகனா உங்களைப் பட்டினி கேட்டான்? அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஏமாந்தது எங்கே என்று இப்போது புரிகிறது. பத்தியம் தொடங்கிய பத்து நாளில் நீங்கள் கொல்லைக்குப் போவது பாதியாகக் குறைந்தது. நோய் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டோம். உள்ளே ஏதாவது போனால்தானே வெளியே வரும்? அதைக்கூட யோசிக்காமல் எட்டாம் வகுப்பு வரை என்னத்தைப் படித்தேனோ தெரியவில்லை.

நைனா, அந்த மத்தியானத்தை நான் எழுதித்தான் ஆக வேண்டும். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் எங்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசனை உங்கள் கட்டில் வரைக்கும் வந்திருக்கும். என்னைக் கூப்பிட்டீர்கள். களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தால் சட்டியை எட்டிப் பார்த்து "அவ்ளோதானா?" என்று கேலி செய்கிற ஆள் நீங்கள். அன்றைக்கு உங்கள் குரல் கேட்பதற்கு நான் குனிய வேண்டியிருந்தது.

"ரெண்டே உருண்டை குடும்மா ரேணு. பசி தாங்கல."

சீக்கிற்கு வரும் பசி பொய்ப்பசி, அதற்கு இரை போட்டால் நோய் வளரும் என்று வந்துபோனவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பெரிய அத்தை சொன்னாள், அம்மா சொன்னாள், நானும் நம்பினேன்.

"அது பொய்ப்பசி நைனா. நோவுதான் கேக்குது, நீங்க கேக்கல," என்றேன்.

நீங்கள் கோபித்திருந்தால்கூட எனக்கு இன்றைக்கு ஆறுதலாக இருக்கும். "ஆங், நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நான் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு வயிறு நிறையச் சோறு இறங்கியது. ஐப்பசி பிறந்து நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அந்த முடிச்சைப் பார்த்த வாரமே வேலுவை மெட்ராஸுக்கு அழைத்துப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு. அந்த டாக்டருக்கு உங்கள் வயது இருக்கும். வேலுவின் தொடையை விரலால் அழுத்திப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். கஞ்சித் தெளிவு என்றதும் அவர் முகம் மாறியது.

"பட்டறையில சம்மட்டி அடிக்கறவனுக்கு இன்னா சாப்பாடு வேணுமோ, அதுக்குக் கொறையாம இவனுக்கு வேணும்மா. படுத்துக்கினுதானே இருக்கான்னு கொறைச்சிடாதீங்க. உள்ள புண்ணு, ரத்தம் போவுது, காய்ச்சல் அடிக்குது. அத்தனைக்கும் உடம்பு சோத்தைத்தான் கேக்கும். நீங்க குடுக்கலன்னா சதையைத் தின்னும்."

மாத்திரை கொடுத்தார். அதைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். குழைய வடித்த சோறு, வடிகட்டிய பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், ஒத்துக்கொண்டால் தயிர். ஒரே மூச்சில் தட்டு நிறைய வைக்காமல் நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு கொந்தளிக்கிற நாட்களில் தோலும் விதையும் நாரும் மிளகாயும் வேண்டாம், அடங்கியதும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு அவர் உங்களைப் பற்றியே சொல்வதுபோல் இருந்தது.

வேலுவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டுவிட்டேன். எங்கள் நைனா இதே நோயில்தான் போனார், நாங்கள் சோறு போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று.  பார்க்காத நோயாளியைப் பற்றிச் சொல்ல முடியாது, சோறு மட்டுமே இந்த நோயைத் தீர்த்துவிடாது, ஆனால் பட்டினி அதற்குத் துணைபோயிருக்கும் என்றார். பொய் சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம். நல்ல மனிதர், அதனால் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா அடுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. "உங்க நைனாவுக்கு ஒத்துக்காதது இவனுக்கு மட்டும் ஒத்துக்குமா?" என்று ஒரே கேள்விதான். உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நாம் எப்போது பார்த்தோம்? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கண்டிகைக்குத் திரும்பாமல் மூன்று மாதம் அங்கேயே இருந்து நானே சமைத்தேன். உங்கள் மருமகன் முனகினார், முனகட்டும். வெள்ளைக்காரன் போய்விட்டான், ரேஷனில் அளந்து போடும் கண்ட்ரோல் அரிசி போகவில்லை. அதில் கல் பொறுக்கிப் பொறுக்கி என் கண் பூத்துப்போனது.

முதல் வாரம் வேலுவுக்கு ரத்தம் அதிகமானது. சாப்பிட்டால் வலிக்கிறது, வேண்டாம் அக்கா என்று தட்டைத் தள்ளினான். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் கஞ்சித் தெளிவுக்கே போயிருப்பேன். உங்கள் குரல்தான் என்னைப் போகவிடவில்லை. தட்டோடு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு இரண்டு வாயாகக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் மாத்திரையும் பிடித்து, வயிறும் கொஞ்சம் அடங்கியது. நான் கேட்காமலேயே, "இன்னொரு முட்டை இருக்குதா?" என்றான்.

முற்றும் குணமாகிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். இது போய்ப் போய் வரும் நோயாம், ஆயுசுக்கும். நடுவில் இரண்டு தடவை ரத்தம் திரும்பி வந்தது. பட்டறையில் இவனை எத்தனை நாள் வைத்திருப்பார்களோ தெரியாது. ஆனால் ஒருநாள் அரைஞாண் இறுக்குகிறது என்று அம்மாவிடம் வந்து நின்றான். அவள் முடிச்சை அவிழ்த்து ஒரு விரல் தளர்த்திக் கட்டினாள். அவன் போனபிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க நைனாவுக்கும் இதே நோவுதானடி?" என்றாள்.

எனக்குத் தைரியம் வரவில்லை. "இல்லம்மா, அது வேற. அவருக்கு முத்திப்போச்சி," என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் மெய்யான பசியைப் பொய் என்றேன், அவளிடம் பொய்யை மெய் என்றேன்.  மறுநாளிலிருந்து வேலுவின் சோற்றை அவளே குழைய வடிக்கத் தொடங்கினாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு நானும் கண்டிகைக்கு வந்துவிட்டேன்.

உங்கள் திதிக்கு வருஷா வருஷம் அம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துத்தான் படைப்பாள். போன வாரம் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் கருவாட்டு வாசனையே இல்லை. உங்கள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தது. அதன் நடுவில் குழைந்த சோறு, கையால் பிடித்த இரண்டு உருண்டை. பக்கத்தில் வடிகட்டிய பருப்பு. வேறு ஒன்றும் இல்லை.

"இன்னாம்மா இது?" என்றேன்.

அம்மா இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்கிட்டயும் கேட்டாருடி. ரெண்டே உருண்டைன்னு."

இரண்டு பேரும் அந்த இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். ஆறு வருஷமாக அவளிடமிருந்து நான் மறைத்ததும், என்னிடமிருந்து அவள் மறைத்ததும் ஒன்றுதான். எத்தனை பேரிடம் கேட்டீர்கள் நைனா? வேலுவிடமும் கேட்டீர்களா? அவனிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி என் கை அடுப்பைத் தொடுகிற காலம் வரைக்கும், பசிக்கிறது என்று சொல்கிற யாரிடமும் அது எந்தப் பசி என்று கேட்கமாட்டேன். முதலில் போடுவேன். வேலு உங்கள் வயதைத் தொட்டுத் தாண்டுகிறானா என்று, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

உங்கள் பசியை உங்களிடமே பொய்யாக்கிய
மூத்த மகள்,
ரேணு