நான்கு வயலட் மொட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே பால்கனித் தரை சுடுகிறது. வயலட் பூச்செடித் தொட்டி ஏர்கோன் அறை ஜன்னலோரம். வேரைச் சுற்றி இரண்டு ஐஸ் கட்டி. கேமரன் மலையிலிருந்து கொண்டுவந்து இன்றோடு ஒன்பது நாள். விற்ற அக்கா சொன்னது: "பினாங்கு சூட்டுல ஒரு வாரம் தாங்கினாலே பெரிசு, தங்கச்சி."

தாங்கிவிட்டது. மொட்டு நான்கு.

சனிக்கிழமை யாழினிக்கு இரண்டு வயது. பூவை முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்து, சீனி தூவிக் காயவைத்து, கேக் மேல். பச்சை முட்டை பிள்ளைக்கு ஆகுமா? வேண்டாம். சீனிப்பாகு.

வாங்க: ஐசிங் சீனி, பலூன், டயப்பர், மெழுகுவர்த்தி 2.

மார்ச் 5, புதன்

மூன்று பூ விரிந்தன. முதல் தடவை முகர்ந்தால் மணம், உடனே மறுபடி முகர்ந்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்தால் திரும்ப வருகிறது.

மாலை. தொட்டியில் எறும்பு. நான் அடுப்படியில். இவர் எறும்பு மருந்தை எடுத்துச் செடி முழுக்க அடித்துவிட்டார்.

"உன் செடியத்தானே காப்பாத்தினேன்?"

"அது சாப்பிடுற பூங்க!"

"பூவை யாரு லா சாப்பிடுவா?"

நாற்றம் தாங்காமல் தொட்டியைப் பால்கனியில், வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். பிள்ளைக்கு எட்டாது.

மார்ச் 6, வியாழன்

பிள்ளை தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

காலை பத்தரை. ஐந்து நிமிடம்தான் குளித்தேன். வந்தால் தொட்டியில் ஒரு பூகூட இல்லை. நேற்றுத் துணி காயப்போட நான் ஏறிய நாற்காலி மெஷினை ஒட்டி அப்படியே. கூடத்தில் யாழினி. வாயைச் சுற்றி நீலம். நாக்கும்.

தலையில் ஈரத் துண்டு. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மருந்து டப்பா. கிளினிக். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. பின் சீட்டில் இவள், "கார்! கார்!" என்று ஒரே சந்தோஷம்.

டாக்டர் கண், மூச்சு, வயிறு பார்த்தார். டப்பாவைப் படித்தார். "எத்தனை பூ சாப்பிட்டா?"

மூன்று என்றேன். இவருக்குப் போன் போட்டேன், திட்டுவதற்காகவே.

"ஏய், அழாதே. பூவை நான்தான் பறிச்சேன். வேலைக்குக் கெளம்புறப்ப. பாப்பா கையில பட்டுடக் கூடாதுன்னு. டிஷ்யூல சுத்தி சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன்."

அப்படியென்றால் இந்த நீலம்?

"ஆண்டி குவே," என்றாள் யாழினி. இரண்டு விரல் காட்டினாள்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்டிக்கு அடுத்த போன். நான் குளிக்கும்போது கிரில் கதவு வழியாகக் குவே பலகாரம் இரண்டு நீட்டியிருக்கிறார். "ஐயோ, புங்கா தெலாங் லா, கேர்ள்! நோ பாய்சன்!"

சங்குப்பூ. பலகார மாவுக்கு நீலம் ஏற்றுகிற பூ. டாக்டர் நாக்கைப் பஞ்சால் துடைத்துப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

மாலை இவர் டிஷ்யூவைப் பிரித்தார். பூ கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. மணம் போகவில்லை. "ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுட்டாங்க, என்ன சென்ட்டு மச்சான்னு."

அப்போது சிரித்தேன்.

கேக்குக்கு ஆண்டி வீட்டுச் சங்குப்பூ. சொல்லியாகிவிட்டது. நாலாவது மொட்டு இலைக்கடியில் இருக்கிறது, பத்திரம்.

பல் துலக்கியும் நாக்கு வெளுக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று தடவை. சங்குப்பூ நீலம்தான்.