சோளம் மட்டும் செழிக்கிறது

என் பிரியமான ராமையா மாப்பிள்ளைக்கு,

சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம், நீ சிரித்தாலும் பரவாயில்லை.

1. நம் பாத்திகளுக்கு என்ன நேர்ந்தது.
2. செம்பனைத் தோட்டத்தில் அடித்த களைக்கொல்லி ஓடைத் தண்ணீர் வழியாக வந்தது.
3. காய் வாங்குகிறவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது.

மூன்று வாரமாகப் பயற்றங்காய்க் கொடியின் நுனிகள் சுருள்கின்றன. புழு இல்லை, இலைப்பேன் இல்லை. தக்காளி இலைகள் மடக்கிய விரல்களைப் போல உள்ளே குவிந்துவிட்டன. சோளம் மட்டும் என்றுமில்லாத செழிப்பு. அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. புல்லினத்தை விட்டுவிட்டு அகன்ற இலையை மட்டும் தாக்கும் மருந்து உண்டென்று நீதானே சொன்னாய்?

இருபது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக ஆள்களை மேய்த்து மருந்தடித்த கையால் இனி அதைத் தொடுவதில்லை என்றுதான் கோலா பிலா ரோட்டோரம் இந்த அரை ஏக்கரைத் தொடங்கினாய். தோட்டத்து லயத்து வரிசைவீட்டுக் குடும்பங்களும் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும் உன்னை நம்பித்தான் வாங்கினார்கள். இப்போது என்னை நம்பி வாங்குகிறார்கள்.

நேற்று லயத்திலிருந்து செல்வி வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். "சார், நாலு சோளம் குடுங்க சார். உள்ள இருக்கறது கேக்குது, நான் என்னா செய்ய?" என்று வயிற்றைத் தட்டிச் சிரித்தாள். வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கை ஒடித்துக் கொடுத்துவிட்டது. உறுதியாகத் தெரியாததைச் சொல்லிக் கலவரப்படுத்தலாமா என்று எனக்கு நானே ஒரு நியாயம்.

புது எருவைப் பாத்தியில் போடுமுன் பால் டின்னில் கொட்டி, இரண்டு பயறு முளைக்கவிட்டுப் பார்ப்பாய். உன் கருமாதிக்கு மறுநாள் மாடு மேய்க்கும் பெரியசாமி ஒரு லோரி சாணி எரு கொண்டுவந்து இறக்கினார். "மண்டோருக்கு நான் செய்யிறது இதான். காசுன்னு பேசாதீங்க வாத்தியாரே." கண்கலங்கி நின்றவர் முன்னால் எப்படி டின்னை எடுத்துவைப்பது? அன்றே பரப்பிவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்தான் இரண்டு டின்னில் பயறு ஊன்றி வைத்தேன். ஒன்றில் வெறும் மண், ஓடைத் தண்ணீர். மற்றதில் அந்த எரு, மழைத் தண்ணீர். ஓடைதான் காரணமென்று நிரூபித்துத் தோட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதலாமென்று. நீ போனபின் உன் கேலியையும் சேர்த்து நடத்துகிறாள் என் தங்கை சரசு: "அண்ணே, செடிக்குப் பரீட்ச வச்சிக்கிட்டே இருங்க. செத்த பொறவு மார்க்கு போடலாம்லா."

இப்போதும் அவள்தான் கொல்லையிலிருந்து கத்துகிறாள். "எழுதினது போதும்ணே, வந்து டின்னப் பாருங்க!"

பார்த்துவிட்டு வந்தேன். ஓடைத் தண்ணீரில் முளைத்தது நிமிர்ந்து நிற்கிறது. எருவில் முளைத்தது சுருண்டு கிடக்கிறது. பெரியசாமியின் மாடுகள் மேய்வது செம்பனைக்கு அடியில், மருந்தடித்த புல்லை. அந்த மருந்துதான் சாணியோடு எருவில் வந்திருக்கிறது. அது மண்ணில் எத்தனை காலம் கிடக்கும், மாப்பிள்ளை? சோளக்கதிருக்குள் போகுமா? தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

இன்று சாயங்காலமே செல்வி வீட்டுக்குப் போகிறேன். பிறகு ஒவ்வொரு வாசலாக. குரல் நடுங்கும், நடுங்கிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. கோடு போட்டு அடிக்காமல் விட்டுவைக்கிறேன். ஓடை எதையும் கொண்டுவரவில்லை. நான்தான் மண்வெட்டியால் வாரி, உன் பாத்திகளில் பரப்பினேன்.

உன் சரசுவின் அண்ணன்,
உன் மச்சான் ஆறுமுகம்