கடல் பார்த்த மாடி அறை

தாம்பரம்,
19.1.2026

அன்புள்ள தேவிகாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடாதே. உன் எண்ணுக்கு அழைத்தால் போவதில்லை. கருக்களாச்சேரியில் நீ நடத்தும் ‘உப்புக்காற்று’ விடுதிக்கு அழைத்தேன். எடுத்த பெண், “மேடம் உங்ககிட்ட பேச மாட்டாங்களாம் சார். எதுவா இருந்தாலும் கையால எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னாங்க” என்றாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பெயர் ஷர்மிளா. அவளுக்கு ஏழரைச் சனியாம். மார்ச் 7, சனிக்கிழமை, திருநள்ளாற்றில் முழுக்குப் போட்டுவிட்டு அப்படியே இரண்டு நாள் கடலோரம் தங்கலாம் என்கிறார் அவள் அப்பா சிதம்பரநாதன். இடம் பார்ப்பது என் பொறுப்பு. சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் திருநள்ளாற்று லாட்ஜ் ஒன்றும் காலியில்லை. இருந்தாலும் அவர்கள் லாட்ஜில் தங்குகிறவர்கள் இல்லை. ஷர்மிளா வீட்டு உள்அலங்காரம் படித்தவள். திரைச்சீலையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் முகம் சுருங்கிவிடும்.

காரைக்கால் கரையில் எந்த இடம் அழகு, எது வெறும் பகட்டு என்று உனக்குத்தான் தெரியும். மூன்று அறை வேண்டும். பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் நல்ல இடமாகச் சொல்.

அன்புடன்,
ஜெயபிரகாஷ்

*

உப்புக்காற்று,
கருக்களாச்சேரி,
27.1.2026

திரு. ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறியும் ஆவல் எனக்கு இல்லை. இருந்தாலும் நலமாக இருங்கள், மார்ச் வரைக்குமாவது.

கேட்டதற்குப் பதில் முதலில். துறைமுகத்துப் பக்கம் ஒரு மாடி வீடு இருக்கிறது. பால்கனி அகலம், கட்டில் தேக்கு. ஆனால் விடிவதற்கு முன்பே ஐஸ் லாரிகள் வந்து நின்று சத்தம் போடும். கொஞ்சம் வடக்கே ஒரு கண்ணாடி வீடு. குளியலறையிலிருந்து கடல் தெரியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். படகில் போகிறவர்களுக்குக் குளியலறையும் தெரியும் என்பதைச் சொல்வதில்லை. டவுனில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்று. உயரமான கூரை, வழவழப்பான தரை, பார்க்கப் பார்க்க அழகு. கடலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

நான்காவது என்னுடையது. அப்பா வலை வைத்திருந்த கொட்டகை நின்ற இடம். ஐந்து அறை. நீங்கள் சொல்லும் தேதியில் மூன்று காலியாக இருக்கிறது.

பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தேதியோடு வைத்திருக்கிறேன். 2018 செப்டம்பர் 8, அதுவும் சனிக்கிழமை. நமக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம். உங்கள் அப்பா படுத்த படுக்கையானதும் உங்கள் வேலை போனதும் என் ஜாதகத்தால்தான் என்று சொல்லி, நீங்களும் உங்கள் அம்மாவும் என்னைத் திருநள்ளாற்றுக்கு அழைத்து வந்தீர்கள். நளன் குளத்தில் முழுகி எழுந்தேன். “உடுத்தின துணியப் படியிலேயே விட்டுடு. மாத்துத் துணி கட்டிக்கிட்டு, திரும்பிப் பாக்காம லாட்ஜுக்கு நட. நாங்க பின்னாடியே வர்றோம்” என்றார் உங்கள் அம்மா. பீடையை விட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்கள் இருவரும் வேறு பக்கம் நடந்தது தெரிந்திருக்கும்.

“அவங்க காலையிலேயே ரூம காலி பண்ணிட்டாங்களேம்மா” என்றார் லாட்ஜ்காரர். என் பெட்டி மட்டும் மேசையடியில் இருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே நின்றேன். ஆறு மாதம் கழித்து விவாகரத்துப் பத்திரம் தபாலில் வந்தது. அந்தக் குளத்துப் படியில் நான் விட்ட புடவையும் நானும் உங்களுக்கு ஒன்றுதான்.

அறை வேண்டுமென்றால் தருகிறேன். ஒரே நிபந்தனை. என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில் வர வேண்டும். பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று நீங்கள் சொல்லக் கூடாது. என் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேவிகா

*

தாம்பரம்,
4.2.2026

அன்புள்ள தேவிகா,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் தீரவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் அறை தருகிறேன் என்றாயே, அதுதான் நீ.

நாலு இடத்தையும் ஷர்மிளாவுக்குப் படத்தில் காட்டினேன். உன் விடுதியைப் பார்த்த பிறகு மற்றவற்றை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடல் பார்த்த அந்த மாடி அறைதான் வேண்டுமாம். மரக் கட்டில், சுண்ணாம்புச் சுவர், நீலக் கரை வைத்த திரைச்சீலை எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நடத்துவது யார் என்று கேட்டாள். ‘யாரோ உள்ளூர்க்காரர்’ என்று சொல்லி வைத்தேன்.

இனி முக்கியமான விஷயம். எனக்கு முதல் கல்யாணம் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. வேலை வேலை என்று கல்யாணத்தையே தள்ளிப் போட்டவன் என்றுதான் சொல்லியிருக்கிறோம். சிதம்பரநாதன் கௌரவம் பார்ப்பவர். தெரிந்தால் எல்லாம் போய்விடும். அதனால் அந்த இரண்டு நாளும் நீ விடுதியில் இருக்க வேண்டாம். உன் படம் எதுவும் சுவரில் இருந்தால் எடுத்துவிடு. வேலை செய்கிறவர்கள் உன் பெயரைச் சொல்லக் கூடாது.

திருநள்ளாற்று விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ஒன்று யோசித்துப் பார். உன்னை நடுத்தெருவிலா விட்டோம்? கோட்டுச்சேரிமேட்டில் உன் அம்மா வீடு, ஆட்டோவில் போகிற தூரம். எங்கே விடலாம் என்று ஒரு வாரம் பேசினோம். அம்மா அதையும் யோசித்துத்தான் திருநள்ளாறு என்றாள்.

நம் விஷயம் நமக்குள் இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடு.

அன்புடன்,
ஜெயபிரகாஷ்

*

உப்புக்காற்று,
10.2.2026

திரு. ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

எனக்காக ஒரு வாரம் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. ஆட்டோ தூரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மாடி அறையை ஷர்மிளா பெயருக்கே ஒதுக்கிவிட்டேன். பக்கத்து அறை அவள் அப்பா அம்மாவுக்கு. உங்களுக்குக் கீழே, வேப்பமரத்துப் பக்கம்.

நீங்கள் வரும் இரண்டு நாளும் நான் கோட்டுச்சேரிமேட்டில் அம்மா வீட்டில் இருப்பேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை அவர்கள் காதுக்குப் போகாது. அம்மா மேல் சத்தியம். அன்று போனில் பேசிய மாரிக்கண்ணுதான் உங்களைக் கவனிப்பாள். அவளும் தானாக எதுவும் சொல்ல மாட்டாள்.

ஒரு சந்தேகம். எங்கள் விடுதியில் ஒவ்வொரு அறையிலும் தலைமாட்டு மேசையில் விருந்தினருக்கு ஒரு வரவேற்புக் கடிதம் வைப்போம். கையால் எழுதியதுதான் வைப்போம், அச்சடித்ததை வைப்பதில்லை. ஷர்மிளாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வருமா, இங்கிலீஷில் வைக்க வேண்டுமா?

தேவிகா

*

தாம்பரம்,
16.2.2026

அன்புள்ள தேவிகா,

நிம்மதியாக இருக்கிறது. உன் இடத்தில் வேறொருத்தி இருந்தால் இப்படி நடந்துகொண்டிருக்க மாட்டாள்.

ஷர்மிளாவின் அம்மா தமிழ் டீச்சர். கிறுக்கல் கையெழுத்தைக்கூட இவள் சரளமாகப் படிப்பாள். தமிழிலேயே வை. கையால் எழுதியது என்றால் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அறையில் மல்லிகை வேண்டாம், அவளுக்குத் தும்மல் வரும். மதியத்துக்கு இறால் தொக்கு இருக்கட்டும்.

முன்பு எழுதியதைக் கிழித்துவிட்டாய்தானே?

ஜெயபிரகாஷ்

*

தாம்பரம்,
9.3.2026

தேவிகா,

என்ன செய்தாய்?

குளத்தில் முழுக்கு முடிந்து பத்து மணிக்கு உன் விடுதிக்கு வந்தோம். அவர்கள் மாடிக்குப் போனார்கள். நான் கடலில் இறங்கினேன். முக்கால் மணி நேரம்கூட இருக்காது. ஈரத் துணியோடு திரும்பி வந்தால் மாடி அறை திறந்து கிடக்கிறது, கார் இல்லை. உன் மாரிக்கண்ணு என்னைப் பார்த்து, “அவங்க ரூம காலி பண்ணிட்டாங்களே சார்” என்கிறாள். என் பெட்டி அவள் மேசையடியில் இருந்தது.

சிதம்பரநாதன் போனை எடுக்கவில்லை. ஷர்மிளா என் எண்ணைத் தடுத்துவிட்டாள். இன்று காலை நிச்சயத் தட்டில் வைத்த புடவை கூரியரில் திரும்பி வந்துவிட்டது. அம்மா ராத்திரி முதல் எதுவும் சாப்பிடவில்லை. அவர்களிடம் என்ன சொன்னாய்? சத்தியம் செய்தாயே.

ஜெயபிரகாஷ்

*

உப்புக்காற்று,
14.3.2026

திரு. ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

நான் நலம். இம்முறை உங்கள் நலமும் தெரிந்தது.

சத்தியத்தை நான் மீறவில்லை. சனிக்கிழமை முழுவதும் அம்மா வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போகவில்லை. வரவேற்புக் கடிதம் வைப்பது எங்கள் வழக்கம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? உங்கள் மூன்று கடிதங்களையும் என் இரண்டின் நகலையும் தேதி வாரியாக அடுக்கி, நீல நாடா கட்டி, ஷர்மிளாவின் தலைமாட்டில் வைத்தேன். மல்லிகை வைக்கவில்லை.

நீங்கள் கடலில் இருந்தபோது நடந்ததை மாரிக்கண்ணு சொன்னாள். ஷர்மிளா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தாளாம். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, ‘எங்கே விடலாம் என்று ஒரு வாரம் பேசினோம்’ என்று நீங்கள் எழுதிய இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினாளாம். அவர் உடனே காரை எடுக்கச் சொல்லிக் கீழே இறங்கிவிட்டாராம். போகிறபோது ஷர்மிளா மாரிக்கண்ணுவிடம், “ரூம் ரொம்ப அழகா இருக்கு. அவங்ககிட்ட சொல்லிடுங்க” என்றாளாம்.

கடிதங்களைக் கிழிக்கச் சொன்னீர்கள். இப்போது அவை என்னிடம் இல்லை, அவள் கொண்டு போய்விட்டாள். ரூமைக் காலி பண்ணிட்டாங்க என்ற வார்த்தையை நான் மாரிக்கண்ணுவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. லாட்ஜானாலும் விடுதியானாலும் அப்படித்தான் சொல்வார்கள். உங்களையும் நாங்கள் நடுத்தெருவில் விடவில்லை. பஸ் ஸ்டாண்ட், ஆட்டோவில் போகிற தூரம்.

எனக்குச் சந்தோஷமா என்று உங்கள் அம்மா கேட்டால், சந்தோஷம்தான் என்று சொல்லுங்கள். ஏழரை வருஷம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தேன்.

நீங்கள் மாற்றிப் போட்ட ஈரத் துணி வேப்பமரத்துக் கொடியிலேயே கிடந்தது. விருந்தினர் மறந்ததைத் தபாலில் அனுப்பிவிடுவோம். உங்களுடையதை அனுப்பவில்லை. இன்று சனிக்கிழமை. நானே எடுத்துக்கொண்டு திருநள்ளாற்றுக்குப் போய், நளன் குளத்துப் படியில் போட்டேன். பத்தடி நடந்ததும் நின்று, அன்றைக்குப் பார்க்காததற்கும் சேர்த்து நன்றாகத் திரும்பிப் பார்த்தேன். துணி அங்கேயேதான் கிடந்தது. குளிக்க வந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டு இறங்கினார்கள்.

தேவிகா