முழங்கால் சிராய்ப்புக்கு முன்னால் நடந்தது

அக்கா,

"சித்தி, நீ மட்டும் ஏன் யார்கூடவும் விளையாட மாட்டேங்குற?" என்று உன் மகள் ஒருநாள் பூங்காவில் கேட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தேன். சிரித்து மழுப்பிவிட்டேன்.

சோறு குக்கரில் இருக்கிறது. நாலு மணிக்கு அவள் பள்ளியிலிருந்து வருவாள்.

நேற்று அவளுடைய சிராய்ப்பைப் பார்த்ததும், "இனி பூங்காவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன்னை மாதிரி அவளும் படிப்பை விட்டுட்டு உக்காரணுமா?" என்றாய். அவள் எப்படி விழுந்தாள் என்று நீ கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று பூங்காவில், சீசா பலகையில் அவளுக்கு எதிரே ஒரு குண்டுப் பையன். இவள் அந்தரத்திலேயே தொங்கினாள். "டேய் பூசணி, கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி உக்காரேன்!" என்றாள். அவன் நகர நகரப் பலகை சமமானது. ஒரு வாரம் அழுது அழுது மனப்பாடம் செய்தும் மண்டையில் ஏறாத நெம்புகோல் பாடம் அது! அதை எனக்குச் சொல்லத்தான் குதித்து ஓடிவந்தாள். அப்போதுதான் விழுந்தாள்.

நான் வெளியில் ஆடிக் கெட்டவள் இல்லை, அக்கா. அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தவள். இன்றைக்கும் நாலு பேரைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அவளை அடைத்துவைக்காதே.

காயத்துக்கு மருந்து மேல்தட்டில்.

பி.கு.: இதை எழுதிவிட்டு உன் அறை வாசலில் நின்றேன். கண்ணை மூடியிருந்தாய், இமை மட்டும் அசைந்தது. இதை உன் வாசலிலேயே வைத்துவிட்டுத் தையல் கடை வேலைக்குக் கிளம்புகிறேன்.