பச்சைக் கட்டம்

ஜன. 19, திங்கள்

காலையில் பனி. பேட்டரி மூன்றும் சார்ஜில். லென்ஸ் துடைத்தாயிற்று.

ஜெனி நேரில் வந்துவிட்டாள். "என் கல்யாணத்துக்கு வேற ஆளு ட்ரோன் விட்டா நல்லாவா இருக்கும், சித்தப்பா?" ஒப்புக்கொண்டேன். அவளுக்காக. பெரியவருக்காக இல்லை.

அவள் அப்பாவை அண்ணன் என்று எழுத இன்னும் கை வரவில்லை, பெரியவர் என்றுதான் வருகிறது. சென்னையிலிருந்து நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே எங்கள் அப்பாவை அடக்கம் செய்து முடித்தவர். நான் போய்ப் பார்த்தது மண்மேட்டை. அன்றோடு பேச்சு நின்றது. "எம்.ஃபில். படிச்சுட்டு பொம்மை விடுறான்" என்று ஊரெல்லாம் சொன்னதும் அவர்தான்.

ஜன. 20, செவ்வாய்

நெடுங்காடு. மாதா கோயில் வளாகம் பார்த்தேன். காற்று பரவாயில்லை. துறைமுகம் தூரம், பறக்கத் தடை என்ற தொல்லை இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியாயிற்று.

கோயில் வாசலிலிருந்து கார் வரை ஜோடி நடக்க வேண்டும். ட்ரோன் அவர்களைப் பார்த்தபடியே பின்வாங்கும். தானாகப் பின்தொடரும் முறை. திரையில் ஆளைத் தொட்டால் பச்சைக் கட்டம் விழும். கட்டத்துக்குள் இருப்பவர் போகிற பக்கமெல்லாம் போகும். என்னுடையதற்கு முன்னும் பின்னும்தான் தடையைப் பார்க்கும் கண். பக்கவாட்டில் குருடு. இடது பக்கம் சீரியல் விளக்கு வயர், கூரையிலிருந்து தென்னைக்கு. கவனம். முதலில் கையால் ஓட்டிப் பார்த்தேன். பெருவிரல் நிறுத்தும் பொத்தானை விட்டு நகரக் கூடாது. குறுக்கே யாரும் வரக் கூடாது, வந்தால் கட்டம் அவர்மேல் தாவிவிடும்.

பெரியவர் அங்கேயே நின்றார். ஜெனியிடம், "அந்த ஆளுகிட்ட சொல்லு, கோபுரத்தைக் கிட்டக்க ஒரு சுத்து சுத்தி எடுக்கணும்."

"கொடிமரத்துல இடிக்கும்னு சொல்லும்மா" என்றேன் நானும் அவளிடமே. "நாளைக்கு நீங்க நடக்கும்போது உங்கப்பா குறுக்க வரக் கூடாதுன்னும் சொல்லிடு."

அதற்குள் பெரியவர் கார் டிரைவரிடம் பேசப் போய்விட்டார், காதில் விழவில்லை. எங்களுக்கு நடுவே பத்தடி இருந்தால் அதிகம். கூட நின்ற எங்கள் அத்தைக்குச் சிரிப்பு. "நீ கல்யாணப் பொண்ணாடி, தபால்காரியாடி?"

ஜன. 21, புதன்

பூசை முடிந்து வெளியே வந்தார்கள். கட்டம் ஜெனிமேல். அழகாக நடந்தாள். பாதி வழியில் பெரியவர் கார்க் கதவைத் திறக்கக் குறுக்கே ஓடினார். கட்டம் அவர்மேல் தாவியது. அவர் இடது பக்கம் போக, ட்ரோனும் அப்படியே பக்கவாட்டில், வயரை நோக்கி. வயருக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், அண்ணாந்து டாட்டா காட்டிக்கொண்டு.

விரல் அழுத்துமுன் வாய் முந்திவிட்டது.

"அண்ணே! நில்லு!"

நின்றார். ட்ரோனும் நின்றது. பிறகுதான் பொத்தான். வயருக்கு ஒரு முழம்கூட இல்லை. கையால் ஓட்டி இறக்கினேன்.

"அப்பாகிட்ட சொல்ல மறந்துட்டேன், சித்தப்பா" என்று ஜெனி அழுதாள். கல்யாணக் காலையில் எந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இருக்கும்? பறக்கும் இடத்தில் நிற்கிறவரிடம் ட்ரோன் விடுகிறவனே சொல்ல வேண்டும். முதல் பாடம் அது. பத்தடி நடக்க மனம் வரவில்லை எனக்கு.

ஜன. 23, வெள்ளி

மேகமூட்டம். எடிட்டிங்.

அந்த இடம். பெரியவர் சட்டென்று நிற்கிறார். ட்ரோனைப் பார்க்கவில்லை, என் பக்கம் பார்க்கிறார். ஏதோ சொல்கிறார். அப்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ட்ரோனில் ஒலி பதிவாகாது. அதில் நான் கூப்பிட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

மதியம் ஜெனி போன். "அப்பா நிக்கிற இடத்தை வெட்டிட வேணாமாம்."

"அங்க என்ன சொன்னாருன்னு கேளு."

"நீங்களே கேளுங்க. தபால் வேலையை விட்டாச்சு."

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். உதடு ஒட்டித் திறக்கிறது. மரியதாஸ் என்று என் பெயரைச் சொன்னாலும் அப்படித்தான் திறக்கும். மன்னிச்சிடு என்றாலும்.

மழை வரும்போல. அண்ணன் வீட்டுக்குப் போக வண்டியை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.