இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே இரண்டு பேரைத் திட்டியாகிவிட்டது. முதல் ஆள் ஃபிரிட்ஜ் மெக்கானிக். போன வாரம் வந்து பின்பக்கத்தைக் கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டிவிட்டுப் போனார். மெல்லிசாக ஒரு ஊளைச் சத்தம், அது அப்படியேதான் இருக்கிறது. போன் செய்தால், "அம்மா, மெஷின் நல்ல கண்டிஷன்ல இருக்கும்மா" என்கிறார். இருக்கட்டும். நல்ல கண்டிஷனில் ஊளையிடுகிறது.

இரண்டாவது ஆள் என் வீட்டுக்காரர். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். நூலகத்தில் முப்பது வருடம் ஊரையே 'உஷ்' என்று அடக்கிய மனிதர். ஒரு சத்தமும் படாத காது, கடையில் வாங்கியது போல இருக்க வேண்டும். ஆனால் நான் இசைத்தட்டு அச்சடிக்கும் இடத்தில் இருபத்தாறு வருடமாகக் காதை வைத்துச் சாப்பிடுகிறவள். எனக்குக் கேட்பது அவருக்குக் கேட்கவில்லை என்றால் தவறு யார் பக்கம்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 6, வியாழன்

புது ஆர்டர். மூன்று பேர் கொண்ட கோஷ்டி. மொட்டை அடித்த ஒரு பெண், தாடிக்காரர்கள் இரண்டு பேர். போட்டோவில் மூன்று பேரும் பழைய இரும்புக் கடைக்குள் நின்று முறைக்கிறார்கள். 'சோதனை உலோக இசை'யாம். யாருக்குச் சோதனை என்று கேட்க வேண்டியதில்லை. ஐந்நூறு தட்டு அச்சடிக்கும் முன் ஐந்து மாதிரித் தட்டு வரும். அதை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டு, கீறல், பொரிதல், ஊசி தாண்டல், ஒலி இல்லாமை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். என் கையெழுத்து விழாமல் மெஷின் ஓடாது.

கூடவே ஒரு கடிதமும் வைத்திருக்கிறார்கள். "இதில் கேட்கும் எல்லாச் சத்தமும் நாங்கள் வேண்டுமென்றே வைத்தவை." என் மாமியாரும் பாத்திரங்களை வேண்டுமென்றேதான் போட்டு உடைப்பார். அதை யாரும் தட்டில் அச்சடிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கேட்டேன். கேட்டுத் தொலைத்தேன்.

முதல் பாட்டு: தகரத்தைத் தரையில் இழுக்கிறார்கள், நான்கு நிமிடம். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டாவது: ஒரு தாடிக்காரர் கத்துகிறார். பல் பிடுங்கும் இடத்தில் மயக்க மருந்து தீர்ந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். மூன்றாவது கிடார். உறையில் கிடார் என்று போட்டிருப்பதால் நம்புகிறேன்.

ஆனால் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவதின் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம். தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை, சரியாக அதே இடத்தில். இது அந்தக் கோஷ்டியின் 'டப்' இல்லை, அச்சு மெஷினின் 'டப்'. அவ்வளவு இரைச்சலுக்குள் அதைத் தனியாகப் பிடித்தேன். பெரிய முதலாளி சும்மாவா சொல்கிறார், "அந்தம்மா காது சொன்னா சொன்னதுதான்" என்று!

இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு, ஆறு நிமிடம். ஒன்றுமே இல்லை. வெறும் தட்டு. ஆறு நிமிடமும் கேட்கும் அறையின் ஏசி ஊளையிட்டதுதான் மிச்சம் (அதையும் சரிசெய்யச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று). சீட்டில் எழுதினேன்: 'ஒலி இல்லை. வெட்டியதில் தவறு.'

மார்ச் 11, செவ்வாய்

அச்சுக்கு மூலமான தாய்த்தட்டில் பாட்டை வெட்டும் தம்பி சீட்டோடு வந்து நின்றான். பதினெட்டு வருடமாக அவன் வெட்டுகிறான், நான் கேட்கிறேன்.

"அக்கா, அதுல சத்தம் இருக்குக்கா. சன்னமா ஒரு விசில். வெட்டும்போது நானே கேட்டேன்."

"ஆறு நிமிஷமும் விசிலா?"

"ஆமாக்கா. தாங்க முடியல, ஹெட்போனைக் கழட்டிட்டேன்."

யார் காதில் பூச் சுற்றுகிறான்? போன வருடம் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாற்றி வெட்டினவன், கண்டுபிடித்தது நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை போல. மறுபடி வெட்டச் சொன்னேன். சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மார்ச் 13, வியாழன்

மறுபடி வெட்டினான். மறுபடி வெறும் தட்டு. தலையில் அடித்துக்கொண்டேன்.

விஷயம் பெரிய முதலாளி வரை போயிற்று. எழுபத்திரண்டு வயதில் படியேறி வந்து, கேட்கும் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு தலையை ஆட்டினார். "எனக்கும் ஒண்ணும் கேக்கலையேப்பா."

தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயா, இப்பவும் ஓடுதுய்யா. இப்பக்கூடக் கேக்குது." மூளை கலங்கியவனைப் பார்ப்பது போலப் பார்த்தோம் நாங்கள் இரண்டு பேரும்.

இனி வெட்டுவதற்கு வெளியாள் வருவாராம், தம்பி பேக்கிங்குக்குப் போக வேண்டுமாம். இங்கே வழக்கம், யாருடைய தவறோ அவர் பெயரைச் சிவப்புச் சீட்டில் எழுதி, டீ குடிக்கும் இடத்தில் இருக்கும் பலகையில் குத்துவது. குத்தினேன். என் கையாலேயேதான்.

மார்ச் 14, வெள்ளி

பேக்கிங்கில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. நிமிராவிட்டால் எனக்கென்ன?

மார்ச் 20, வியாழன்

எப்படி எழுதுவது. வரிசையாகவே எழுதுகிறேன்.

தட்டு ஏன் தாமதம் என்று கேட்டுக் கோஷ்டி நேரிலேயே வந்துவிட்டது. மூன்று பேரும் கறுப்புச் சட்டை, துக்க வீட்டுக்கு வந்த மாதிரி. பெரிய முதலாளி என்னைப் போட்டுக் காட்டச் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. வெறும் தட்டைக் கேட்டு அசடு வழியட்டும் என்று, வேண்டுமென்றே சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்து, ஊசியைக் கடைசிப் பாட்டில் இறக்கினேன்.

நானும் முதலாளியும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். ஒரு தாடி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. இன்னொரு தாடிக்கு முகம் கோணிவிட்டது. நடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. சிரிப்புக்கூட வந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வரவேற்பில் உட்காரும் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா அது, கெட்டில் எரிஞ்சு போகுதா? அங்க வரைக்கும் கேக்குது!"

அவளுக்கு நடிக்க வராது. காய்ச்சல் என்று ஒரு நாள் பொய் லீவு கேட்கக்கூடத் தெரியாதவள்.

ஊசியைத் தூக்கினேன். மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். மறுபடி இறக்கினேன், மறுபடி முகம் சுளித்தார்கள். தூக்கினேன். இறக்கினேன். எனக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

மொட்டைதான் பேசினாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது, எதிர்பார்க்கவில்லை. "பத்து வருஷம் தகரப் பட்டறையில வேலை பார்த்தேங்க. இப்ப ராத்திரி பகல் எந்நேரமும் என் காதுக்குள்ள ஓடுற சத்தம் அது. யார்கிட்ட சொன்னாலும் நம்பல. அதான் எல்லாரும் ஆறு நிமிஷமாவது கேக்கட்டும்னு போட்டோம்."

நல்ல எண்ணம். தன் காது வலியை ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறுகிறாள்.

மார்ச் 21, வெள்ளி

லீவு போட்டேன். காய்ச்சல் என்று.

மார்ச் 22, சனி

அரை நாள் வேலை. எல்லோரும் போன பிறகு கேட்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டிய தட்டு. முப்பத்து மூன்றுக்குத் தள்ளினேன். மெதுவாக ஓடினால் சத்தம் கனத்து இறங்கும், அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

வந்தது. சன்னமாக, நூல் மாதிரி ஒரு விசில். தம்பி சொன்னது போலவே.

ஒரு நொடிகூட ஆகவில்லை, கண்டுகொண்டேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அது. எழுந்து போய் ஏசியை நிறுத்தினேன். ஏசி நின்றது, ஊளை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கின வயரைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊளை ஓடிக்கிட்டே இருக்கு. எதுவுமே ஓடாத வீட்ல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. இத்தனை நாளா யாரைத் திட்டிக்கிட்டு இருந்தேன் நான்?

அவர் வந்து, "பால் கெட்டுடப் போகுது" என்றார். மாட்டிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

காது டாக்டர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எனக்குக் கேட்டுத்தானே பழக்கம், அமுக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதென்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினேன். வெளியே இருந்த பெண், "ஓடிட்டுத்தாம்மா இருக்கு" என்றாள்.

தாளில் கோடு நேராகப் போய், பாதியில் மாடிப்படி மாதிரி கீழே இறங்குகிறது. கீச்சென்ற மேல் சத்தம் எல்லாம் போய்விட்டதாம், அந்த இடத்தில்தான் ஊளை குடியேறியிருக்கிறதாம். நான்கைந்து வருடமாகவே இருக்கலாமாம். அப்படியானால் இந்த நான்கைந்து வருடத்தில் எத்தனை தட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? நினைக்கவே கூசுகிறது.

மார்ச் 25, செவ்வாய்

பெரிய முதலாளி தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "தாமதத்துக்கு ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேம்மா. பழைய வெட்டையே ஓட்டிடுவோம். நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது நம்மளோட போகட்டும்."

"தம்பி?"

"அவன் பேக்கிங்லயே இருக்கட்டுமே. இப்பப் போய் திருப்பி ஏத்தினா நாலு பேர் நாலு கேள்வி கேப்பாங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேன், ஆமாம். வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கோஷ்டியைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒழுங்காக ஒரு பாட்டுப் பாடியிருந்தால் இந்த வம்பே இல்லையே? தகரத்தைத் தட்டிக்கொண்டு தங்கள் பாட்டுக்கு இருக்க வேண்டியதுதானே?

பத்து நிமிடத்துக்கு மேல் அது செல்லவில்லை. "இப்பக்கூடக் கேக்குது" என்று அவன் சொன்னபோது நான் அவனைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்துவிட்டது. அதே பார்வைதான் ஃபிரிட்ஜ் விஷயத்தில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பதும். எவ்வளவு எரிகிறது எனக்கு!

மார்ச் 26, புதன்

டீ நேரத்துக்கு முன்னாலேயே போய், தம்பியின் சிவப்புச் சீட்டைப் பலகையிலிருந்து பிடுங்கினேன். அதே இடத்தில் புதுச் சீட்டு குத்தினேன். 'குறை: கேட்பவருக்கு மேல் சத்தம் கேட்கவில்லை. வெட்டியதில் தவறில்லை.' கீழே என் கையெழுத்து, எப்போதும் போலப் பெரிதாக.

கப்பைக் கையில் பிடித்தபடி எல்லோரும் படித்தார்கள். யாரும் பேசவில்லை. நல்லதுதான், பேசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பெரிய முதலாளி மேலேயே இருந்துவிட்டார். இரண்டாம் பெயர் தன்னுடையதாக இருக்குமோ என்று பயந்திருப்பார்.

பேக்கிங்குக்குப் போனேன். "தம்பி, நீ சொன்னது சரி. நான்தான் செவிடு. மன்னிச்சிடு."

அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தான். "பதினஞ்சு நாளா எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா. வீட்ல உக்காந்து, என் காதுலதான் ஏதோ இருக்குன்னு..." திட்டியிருக்கலாம், திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

கேட்கும் அறைச் சாவியை வரவேற்புப் பெண்ணிடம் கொடுத்தேன். தட்டு சுற்றும்போது வருகிற 'டப்'பைப் பிடிப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள், பொறுமை போகிறது. ஆனால் பிடித்துவிட்டாள்.

ஏப்ரல் 12, சனி

நான் இப்போது பேக்கிங்கில். தட்டை விளக்குக்கு நேரே பிடித்து, கீறல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறையில் போடும் வேலை. இந்தக் கோஷ்டியின் ஐந்நூறும் என் கை வழியாகத்தான் போயிற்று. அட்டையில் போட்டோ இன்னும் கேவலமாக வந்திருக்கிறது. ஐந்நூறு பேர் இதை வாங்குவார்களா என்று தம்பியிடம் கேட்டேன். "எல்லாம் புக் ஆகித் தீர்ந்துருச்சுக்கா" என்றான், பழையபடி தன் வெட்டும் மெஷினிலிருந்து திரும்பாமல். உலகம் உருப்பட்ட மாதிரிதான்.

ஒரு பிரதி எனக்கென்று கொடுத்தார்கள். சாயங்காலம் வீட்டில் போட்டேன். தகரம் அதே தகரம்தான், தாடி அதே கத்தல்தான், குப்பை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, சரியான வேகத்திலேயே வைத்து, கடைசிப் பாட்டில் ஊசியை இறக்கினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, என் காது ஊளை மட்டும்தான்.

அவர் செய்தித்தாளைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். "ஐயய்யோ, என்னம்மா இது! நிறுத்து!"

"இதுதாங்க" என்றேன்.

"எது?"

"ஃபிரிட்ஜ்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு காதிலிருந்து கையை எடுத்துவிட்டார். நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு நிமிடமும், முகம் சுளித்துச் சுளித்து, உட்கார்ந்து கேட்டார். எனக்குக் கேட்காத அதை அவர் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி தானாகத் தூக்கிக்கொண்டது. "எப்பவுமேவா?" என்றார்.

"எப்பவும்தான்."

எழுந்து போய்த் தட்டை எடுத்து, விளிம்பில் மட்டும் கை படும்படி பிடித்து, உறையில் போட்டார். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று இருபத்தாறு வருடமாக நான் சொல்லிவந்திருக்கிறேன்.